லேப்டாப்பில் பச்சை, சர்வரில் சிவப்பு: பில்ட் சோதனையில் கிட் இடறும் இடங்கள்

தண்டையார்பேட்டையில் ஆறேழு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நேரம் ஒதுக்கித் தரும் செயலியை எழுதுகிறார்கள். பலரிடம் விண்டோஸ் லேப்டாப், ஒருவரிடம் மேக், சோதனை ஓடும் சர்வரில் லினக்ஸ். எழுதியவரின் லேப்டாப்பில் எல்லாச் சோதனைகளும் தேறுகின்றன. மாற்றங்களைப் பொது இடத்துக்கு அனுப்பியதும், அதாவது புஷ் செய்ததும், சர்வரில் தோற்கின்றன. “என் மெஷின்ல ஓடுதே” என்கிறார் ஒருவர். இன்னொருவர் மறுபடி ஓட்டிப் பார்க்கிறார், தேறிவிடுகிறது. அதோடு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் அதே சிவப்பு.

இந்த நிலையில் எல்லோரும் நேராகத் தோற்ற சோதனையின் ஓட்டப் பதிவை, அதாவது லாகை, திறக்கிறார்கள். எந்த வரியில் பிழை, எந்த மதிப்பு தவறு என்று தேடுகிறார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சர்வர் சோதித்தது நாம் எழுதிய அதே நிரலைத்தானா? இதற்கு “ஆமாம்” என்று நிரூபிக்காமல் மேலே போனால், இல்லாத பிழையைத் தேடி மணிக்கணக்கில் உட்கார வேண்டிவரும்.

அடிப்படை: மூன்று சொற்கள்

லினக்ஸ் கெர்னல் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச உரிமம் நின்றுபோனது. அதனால் 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியதுதான், நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட். அதில் நமக்கு இப்போது மூன்று சொற்கள் போதும்.

1. கமிட்: ரெப்போவில் (நிரல் கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் இடம்) உள்ள எல்லாக் கோப்புகளின் அந்த நேரத்து முழு நிலை. முந்தைய கமிட் எது என்ற குறிப்பும் அதில் இருக்கும். உள்ளடக்கத்தை வைத்தே அதன் அடையாள எண்ணைக் கணக்கிடுகிறார்கள். வழக்கமான எஸ்ஹெச்ஏ-1 முறையில் அது 40 இலக்கம். ஒரு காற்புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும்.

2. பிராஞ்ச்: ஏதோ ஒரு கமிட்டைச் சுட்டும் பெயர். புதிய கமிட் வந்ததும் அந்தப் பெயர் அதற்கு நகர்ந்துவிடும்.

3. டேக்: இதுவும் கமிட்டைச் சுட்டும் பெயர்தான். நகராது என்பது வழக்கமே தவிர, நகர்த்த முடியாது என்று யாரும் பூட்டிவைக்கவில்லை.

துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் நிற்கும் டிரெய்லர் வரிசையை நினைத்துக்கொண்டால் வித்தியாசம் பிடிபடும். கண்டெய்னரின் மேல் எழுதியிருக்கும் எண் கமிட். “வரிசையில் கடைசியாக நிற்கும் வண்டி” என்பது பிராஞ்ச். இரண்டு பேர் பத்து நிமிட இடைவெளியில் கடைசி வண்டியைப் பார்த்துவிட்டு வந்தால், இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள். ஆனால் பார்த்தது வேறு வேறு வண்டி.

சர்வர் என்ன செய்கிறது?

சோதனையைத் தானாக ஓட்டும் கருவிகளில் ஜென்கின்ஸ், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், கிட்லேப் என்று எதை எடுத்தாலும் வேலை ஐந்து கட்டமாகத்தான் நடக்கிறது.

1. புஷ் வந்தது என்ற செய்தி கிடைக்கிறது.
2. கிட் மூலம் நிரலை இறக்கி ஒரு ஃபோல்டரில் வைக்கிறது. இதற்கு செக்-அவுட் என்று பெயர்.
3. தேவையான லைப்ரரிகளை இறக்குகிறது, அல்லது முன்பே சேமித்த கேஷிலிருந்து எடுக்கிறது.
4. பில்ட் செய்கிறது, அதாவது நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது.
5. சோதனைகளை ஓட்டுகிறது.

சிவப்பு தெரிவது நான்காவதிலோ ஐந்தாவதிலோதான். இரண்டும் மூன்றும் லாகில் ஒற்றை வரியாகச் சுருட்டி மூடப்பட்டிருக்கும். பக்கத்தில் பச்சை டிக்கும் இருக்கும். அந்த டிக் “வேலை முடிந்தது” என்று மட்டுமே சொல்கிறது. நாம் நினைத்த நிரல்தான் வந்ததா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

எந்தக் கமிட் சோதிக்கப்பட்டது?

இங்கே ஏமாறுவதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, பிராஞ்ச் பெயரை நம்புவது. பில்ட் ஒரு ஜாப் (சர்வரில் தனியாக ஓடும் வேலை), சோதனை இன்னொரு ஜாப், இரண்டும் தனித்தனியாக “மெயின் பிராஞ்சை எடு” (எல்லோருடைய வேலையும் வந்து சேரும் பிராஞ்ச்) என்று அமைக்கப்பட்டிருந்தால், நடுவே யாராவது புஷ் செய்ததும் இரண்டும் வேறு வேறு கமிட்டை எடுத்துவிடும். பில்ட் ஆனது ஒன்று, சோதிக்கப்படுவது மற்றொன்று. மறுபடி ஓட்டினால் தேறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: அந்த நேரத்தில் யாரும் புஷ் செய்யவில்லை, அவ்வளவுதான். முதல் ஜாப் கமிட் எண்ணைக் கண்டுபிடித்து அதையே மற்ற ஜாப்களுக்குக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது பலருக்குத் தெரியாதது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) திறந்தால், வழக்கமான அமைப்பில் சோதிக்கப்படுவது உங்கள் கமிட் அல்ல. உங்கள் பிராஞ்சையும், அது சேர வேண்டிய பிராஞ்சையும் தற்காலிகமாக மெர்ஜ் செய்து (ஒன்றாக இணைத்து) உருவாக்கிய மூன்றாவது கமிட். லேப்டாப்பில் யாரிடமும் அது இருக்காது. அதனால்தான் லாகில் உள்ள எண்ணைத் தேடினால் கிடைப்பதில்லை; பிழை காட்டும் வரி எண்ணும் உங்கள் கோப்போடு பொருந்துவதில்லை. சோதித்துப் பார்க்க ஒரு வழி, மெயினின் புதிய நிலையை இறக்கி, உங்கள் பிராஞ்சோடு மெர்ஜ் செய்து ஓட்டுவது. மெர்ஜில் கான்ஃப்ளிக்ட் (ஒரே இடத்தை இருவரும் மாற்றிய மோதல்) இருந்தாலோ, இந்த வகை ஓட்டம் தொடங்கவே தொடங்காது. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. “சர்வர் தூங்குது” என்ற புகார் வந்தால் முதலில் கான்ஃப்ளிக்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, மறு ஓட்டம். அதே கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் “ரீ-ரன்” பொத்தானை அழுத்தினால், முதலில் ஓடிய அதே கமிட்தான் மறுபடி ஓடும். மெயினில் இருந்த பிழையை வேறொருவர் சரிசெய்திருப்பார். நீங்கள் பத்து முறை ரீ-ரன் அழுத்தினாலும் அந்தத் திருத்தம் உள்ளே வராது. புதிதாக ஒரு புஷ் வேண்டும்.

நான்காவது, ஃபோர்ஸ் புஷ். வரிசையில் காத்திருக்கும் ஜாப் ஒரு கமிட் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, எழுதியவர் ரீபேஸ் செய்து பழைய கமிட்களை மாற்றி, ஏற்கெனவே இருப்பதன் மேல் வலிந்து புஷ் செய்துவிட்டால், இறக்கப்போகும் சர்வருக்கு அந்த எண் கிடைக்காமல் போகலாம். “ரெஃபரன்ஸ் இஸ் நாட் எ ட்ரீ” என்ற விளங்காத வாசகத்தின் பின்னால் வழக்கமாக இருப்பது இந்தக் கதைதான்.

வரலாறு பாதியில் நின்றால்

வேகத்துக்காக சர்வர்கள் முழு வரலாற்றையும் இறக்குவதில்லை. கிட்ஹப்பின் செக்-அவுட் வழக்கமாக ஒரே ஒரு கமிட்டை மட்டும் எடுக்கிறது. கிட்லேபில் புதிய ப்ராஜெக்ட்டுகளுக்கு இந்த ஆழம் 20. பில்டுக்கு இது போதும். ஆனால் கடைசி டேக்கைப் பார்த்துப் பதிப்பு எண் போடும் ஸ்கிரிப்டுக்கு டேக்கே கண்ணில் படாது, செயலி 0.0.0 என்று வெளியாகிவிடும். மெயினோடு ஒப்பிட்டு மாறிய கோப்புகளுக்கு மட்டும் சோதனை ஓட்டும் கருவிகளும் இங்கே குழம்பும். பொதுவான முன்னோர் கமிட் இல்லாததால் எல்லாமே மாறியதாகவோ, எதுவுமே மாறாததாகவோ அவற்றுக்குத் தெரியும். இரண்டாவது நிலைதான் ஆபத்து: எந்தச் சோதனையும் ஓடாமல் பச்சை விழுந்துவிடும். ஆழத்தை 0 என்று வைத்தால் கிட்ஹப்பில் முழு வரலாறும் வரும். கிட்லேபிலும் அப்படியே. பெரிய ரெப்போ என்றால் அந்த ஒரு ஜாப்புக்கு மட்டும் வைத்தால் போதும்.

பழைய மிச்சம்

சொந்த சர்வரில் ஜென்கின்ஸ் ஓட்டுபவர்களுக்கு வேறொரு தலைவலி. வேலை ஃபோல்டர் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாவதில்லை. ஒரு ஜாவா கோப்பை ரெப்போவிலிருந்து நீக்கிவிட்டீர்கள். போன முறை அதிலிருந்து உருவான கிளாஸ் கோப்பு ஃபோல்டரில் அப்படியே கிடக்கிறது. அதை நம்பியிருக்கும் சோதனை சர்வரில் தேறும், புதிதாக இறக்கிய லேப்டாப்பில் தோற்கும். வழக்கமான புகாருக்கு நேர் எதிர். கிட்டின் கிளீன் கட்டளையைச் சாதாரணமாக ஓட்டினால் கிட்-இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியல்) உள்ள கோப்புகளை அது விட்டுவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். பில்ட் மிச்சங்கள் எல்லாம் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். அவற்றையும் சேர்த்து நீக்கும்படி தனியாகச் சொல்ல வேண்டும்.

நேர முத்திரையும் இதோடு சேர்ந்ததே. கோப்பு கடைசியாக மாறிய நேரத்தை கிட் சேமிப்பதில்லை. இறக்கிய நேரமே அதன் நேரமாகிவிடும். மேக் போன்ற பில்ட் கருவிகள் (கணினியைச் சொல்லவில்லை, அதே பெயரில் யூனிக்ஸ் காலத்திலிருந்து இருக்கும் கருவியை) நேரத்தைப் பார்த்தே எதை மறுபடி பில்ட் செய்வது என்று முடிவெடுக்கின்றன. கேஷிலிருந்து வந்த பழைய வெளியீடும் இப்போது இறங்கிய நிரலும் கலந்தால், அந்த முடிவை நம்ப முடியாது.

கமிட் ஒன்றுதான், கோப்பு வேறு

எண் பொருந்துகிறது, ஃபோல்டரும் சுத்தம். இருந்தும் சர்வரில் தோல்வி. இனி பார்க்க வேண்டியது, ஒரே கமிட் இரண்டு கணினிகளில் எப்படி வேறு வேறாக விரிகிறது என்பது.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை விண்டோஸும் மேக்கும் வழக்கமாகக் கண்டுகொள்வதில்லை, லினக்ஸ் கண்டுகொள்ளும். இது பலருக்கும் தெரிந்ததுதான். வரி முடிவும் அப்படியே: விண்டோஸ் முறையில் முடியும் ஷெல் ஸ்கிரிப்ட் கமிட் ஆகிவிட்டால், லினக்ஸ் அதன் முதல் வரியில் உள்ள நிரலின் பெயரோடு கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தையும் சேர்த்துப் படித்துவிட்டு, அப்படி ஒரு நிரலே இல்லை என்கிறது. ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் கிட்டின் அமைப்பை மாற்றச் சொல்வது தீர்வல்ல. புதிதாகச் சேருபவர் மறந்துவிடுவார். எந்தக் கோப்புக்கு எந்த வரி முடிவு என்று ரெப்போவுக்குள்ளேயே கிட்-அட்ரிபியூட்ஸ் கோப்பில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் பொருந்தும். ஸ்கிரிப்டை இயக்கும் அனுமதி விண்டோஸிலிருந்து வரும்போது விடுபட்டுப்போவதும் உண்டு. “பெர்மிஷன் டினைடு” என்று வந்தால் அதைப் பாருங்கள்.

பெரிய கோப்புகளைத் தனியே சேமிக்கும் எல்எஃப்எஸ் வசதியைப் பயன்படுத்தும் ரெப்போவில், சர்வரில் அதை இயக்க மறந்தால் படத்துக்குப் பதிலாக சுமார் 130 பைட் அளவில் ஒரு குறிப்புக் கோப்புதான் இறங்கும். “படம் சேதமடைந்துள்ளது” என்று சோதனை அலறும். படம் சேதமாகவில்லை, வரவே இல்லை.

ஒரு ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போவை வைக்கும் முறை சப்மாட்யூல். அதில் தாய் ரெப்போ சேமித்து வைப்பது குழந்தை ரெப்போவின் கமிட் எண்ணை மட்டும். தாயை புஷ் செய்துவிட்டுக் குழந்தையை புஷ் செய்ய மறந்தால், அந்தக் கமிட் எழுதியவர் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கும். புஷ் செய்யும்போதே இதைச் சரிபார்த்துத் தடுக்கும் வசதி கிட்டில் இருக்கிறது. அதிகம் பேர் இயக்குவதில்லை.

கொடுங்கையூர் தோற்கிறது, மணலி தேறுகிறது

தமிழில் வேலை செய்பவர்களுக்கென்றே காத்திருக்கும் சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கில வழிகாட்டிகளில் இதற்கு பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகளைத்தான் எடுத்துக்காட்டாகத் தருவார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

நமது கற்பனை நிறுவனம் ஒவ்வொரு பகுதிக்கும் சோதனைத் தரவை அந்த ஊரின் பெயரிலேயே கோப்பாக வைத்திருக்கிறது. எந்தெந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்ற பட்டியல் தனிக் கோப்பில். எண்ணூர், மணலி, ராயபுரம், தண்டையார்பேட்டை எல்லாம் தேறுகின்றன. திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர் மூன்றும் “கோப்பு இல்லை” என்று தோற்கின்றன. சர்வரில் போய்ப் பார்த்தால் கோப்பு கண் முன்னே இருக்கிறது. மேக் வைத்திருப்பவரிடம் மட்டும் ஏழும் தேறுகின்றன.

தோற்ற மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒகரக் குறி: கொ, வொ. யூனிகோடில் இந்தக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியெண்ணாக எழுதுவது ஒன்று. ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியெண்களாகப் பிரித்து எழுதுவது இன்னொன்று. திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம்தான். ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதை. ஐகாரக் குறிக்கு அப்படிப் பிரிவு இல்லை. அதனால் தண்டையார்பேட்டை தப்பித்தது.

இப்போது ஒவ்வொரு கட்டமும் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

1. கோப்பின் பெயர் சேர்ந்த வடிவில் கமிட் ஆகியிருக்கிறது. பட்டியலில் உள்ள பெயர் பிரிந்த வடிவில் வந்துவிட்டது. பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தாலோ, பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் கருவி வழியாக எடுத்தாலோ இப்படி வரலாம். பழைய மேக் டிஸ்க்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் முறையும் பெயர்களைப் பிரித்தே சேமித்தது.

2. மேக்கில் கிட், கோப்புப் பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிப் பதியும். கோப்புக்குள் எழுதியிருக்கும் பட்டியலை அது தொடாது.

3. மேக்கின் இப்போதைய ஏபிஎஃப்எஸ் முறை இரண்டு வடிவத்தையும் ஒரே பெயராக எடுத்துக்கொள்கிறது. அதனால் அங்கே பச்சை.

4. லினக்ஸுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. சேர்ந்த “கொ” யுடிஎஃப்-8 முறையில் ஆறு பைட், பிரிந்தது ஒன்பது பைட். எனவே அவை இரண்டு வேறு பெயர்கள். விண்டோஸும் இந்த இரண்டைச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை.

கண்டுபிடிக்கும் வழி எரிச்சலூட்டும் ஓர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. மாறிய கோப்புகளைக் காட்டும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளையைப் பார்த்தால் தமிழ்க் கோப்புப் பெயர்கள் \340\256 என்று எண்களாகக் கொட்டும். இதை அணைத்துவிட்டுத் தமிழ் எழுத்தாகவே காட்டச் செய்வது எல்லோரும் செய்யும் முதல் வேலை. இந்தச் சிக்கல் வரும்போது மட்டும் திரும்ப இயக்குங்கள். சேர்ந்த “கொ” \340\256\225\340\257\212 என்று வரும்; பிரிந்தது \340\256\225\340\257\206\340\256\276 என்று வரும். எழுத்தில் மறைந்த வேறுபாடு எண்ணில் பளிச்சென்று தெரியும். பட்டியல் கோப்பின் பைட்களையும் இதே மாதிரி எண்ணாகப் பார்த்து ஒப்பிட்டால் போதும்.

கோப்புப் பெயரைத் தமிழில் வைத்ததுதான் தப்பு, பின்கோடு போட்டு 600118 என்று வைத்துவிடு என்று யோசனை சொல்வார்கள். சோதனை தேறிவிடும், சரி. ஆனால் நாளை ஒரு ஓட்டுநர் தன் போனில் கொடுங்கையூர் என்று தட்டி, அது பிரிந்த வடிவில் வந்து சேர்ந்தால், செயலியின் தேடல் அதே இடத்தில் விழும். இங்கே சோதனை காட்டியது உண்மையான பிழையை. உள்ளே வரும் எல்லாத் தமிழ் உரையையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதுதான் சரியான திருத்தம். கோப்புப் பெயர் எந்த மொழியில் இருந்தால் என்ன.

தனித்தனியே பச்சை, சேர்ந்தால் சிவப்பு

ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றி, அதை அழைக்கும் எல்லா இடத்தையும் திருத்துகிறார். அதே நாளில் இன்னொருவர் பழைய பெயரை அழைக்கும் புதிய கோப்பைச் சேர்க்கிறார். இரண்டு புல் ரிக்வெஸ்டும் பச்சை. இருவரும் தொட்ட வரிகள் வேறு என்பதால் கிட் எந்தக் கான்ஃப்ளிக்ட்டும் சொல்லாது. இரண்டும் மெர்ஜ் ஆனதும் மெயின் உடையும். கிட் எழுத்து மோதலை மட்டுமே பார்க்கும், பொருள் மோதல் அதற்குத் தெரியாது. மெர்ஜ் செய்யும் முன் ஒவ்வொன்றையும் வரிசையில் நிறுத்தி, முன்னால் உள்ளவற்றோடு சேர்த்துச் சோதிக்கும் முறைக்கு மெர்ஜ் க்யூ என்று பெயர். கிட்ஹப் இதை 2023-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது. ஏழு பேர் குழுவுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். மெர்ஜுக்கு முன் பிராஞ்சைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதியே பெரும்பாலும் போதும்.

நம் ரெப்போவுக்கு வெளியே

ஒரு வரி மாற்றாமலே பில்ட் உடைந்த நாட்களும் உண்டு. 2022 ஏப்ரலில் கிட் 2.35.2 வெளியானபோது, வேறொரு பயனருக்குச் சொந்தமான ஃபோல்டரில் வேலை செய்ய கிட் மறுத்தது. பாதுகாப்புத் திருத்தம் அது. ஆனால் நிரலைத் தனிப்பெட்டிக்குள் ஓட்டும் டாக்கருக்குள் ரூட் பயனராக ஓடும் ஜாப்கள் பல அன்றே விழுந்தன. எல்லா ஃபோல்டரையும் நம்பு என்று ஒரு வரி போட்டுத் தப்பித்தவர்கள் ஏராளம். வேலை முடிந்ததும் அழியும் டாக்கர் பெட்டியில் பரவாயில்லை, பலர் பயன்படுத்தும் சர்வரில் கூடாது.

2023 ஜனவரியில் கிட்ஹப் தந்த நிரல் தொகுப்புகளின் சுருக்க முறை மாறி, செக்சம் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) சரிபார்க்கும் பில்டுகள் உடைந்தன. உள்ளே இருந்த நிரல் மாறவில்லை, சுருட்டிய விதம் மட்டும் மாறியது. மாற்றத்தை உடனே திரும்பப் பெற்றார்கள்.

2025 மார்ச்சில் நடந்தது இவற்றைவிட மோசம். மாறிய கோப்புகளைக் கண்டுபிடிக்கும் பிரபலமான டிஜே-ஆக்‌ஷன்ஸ் கருவியின் டேக்குகளைத் தாக்குதல்காரர்கள் தீய கமிட்டுக்கு நகர்த்திவிட்டார்கள். 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் அதைப் பயன்படுத்தின. டேக் பெயரை எழுதியிருந்தவர்களின் ஜாப், ரகசியச் சாவிகளை லாகில் கொட்டும் நிரலை இயக்கியது. முழு கமிட் எண்ணை எழுதியிருந்தவர்களுக்கு அந்த நகர்வால் எதுவும் ஆகவில்லை.

தேடும் வரிசை

1. சர்வர் லாகில் செக்-அவுட் பகுதியைத் திறந்து கமிட் எண்ணைக் குறியுங்கள். அது உங்கள் கமிட்டா, மெர்ஜ் கமிட்டா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

2. அந்த எண்ணை (மெர்ஜ் கமிட் என்றால், மேலே சொன்னபடி நீங்களே மெர்ஜ் செய்ததை) லேப்டாப்பில் ஒரு புதிய ஃபோல்டரில் இறக்கி ஓட்டுங்கள். ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் ஃபோல்டரில் வேண்டாம். கமிட் செய்ய மறந்த கோப்பு அங்கேதான் கிடக்கும். இங்கேயும் தோற்றால் பிழை நிரலில். தேறினால் அடுத்ததற்குப் போங்கள்.

3. கேஷ் இல்லாமல், சுத்தமான ஃபோல்டரில் சர்வரை ஒரு முறை ஓட்டுங்கள். தேறிவிட்டால் குற்றவாளி பழைய மிச்சம்.

4. இன்னும் தோற்றால் சர்வரில் உள்ள அதே லினக்ஸ் டாக்கர் இமேஜை லேப்டாப்பில் இயக்கி, நிரலை அதற்குள்ளேயே இறக்கி ஓட்டிப் பாருங்கள். பெயர், வரி முடிவு, அனுமதி, ஒகரம் எல்லாம் இங்கே வெளிப்படும்.

5. பிழை நிரலில்தான், எப்போது நுழைந்தது என்று மட்டும் தெரியவில்லை என்றால் கிட் பைசெக்ட். கமிட் வரிசையைப் பாதிப் பாதியாகப் பிளந்து தேடும்; ஆயிரம் கமிட்டுக்குச் சுமார் பத்துச் சோதனை போதும். நடுவே பில்டே ஆகாத கமிட் வந்தால், உங்கள் ஸ்கிரிப்ட் 125 என்ற வெளியேறும் எண்ணைத் தர வேண்டும். கிட் அதைத் தாண்டிப் போகும். ஒரு நேரம் தேறி ஒரு நேரம் தோற்கும் சோதனையை மட்டும் பைசெக்டிடம் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு தவறான “தேறியது” போதும், சம்பந்தமே இல்லாத ஒருவருடைய கமிட்டைக் காட்டி நிறுத்திவிடும். அப்படிப்பட்ட சோதனையை ஒவ்வொரு கமிட்டிலும் பல முறை ஓட்டி, ஒரு முறை தோற்றாலும் தோல்வி என்று ஸ்கிரிப்ட் சொல்லும்படி எழுதிவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.